சோறு பூசிய மேளம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் தளத்தை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று பள்ளத்தூரில் இருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு ஒரு கிறுக்குப் பிடித்துக்கொண்டது. மொழி தெரியாத ஊர்ப் பாட்டையெல்லாம் தேடித் தேடிக் கேட்கிறேன். மாலி நாட்டு நரம்பு வாத்தியமான கோரா, துவாக்காரர்கள் தொண்டையிலேயே இரண்டு குரல் எழுப்புவது, பர்மா மேளம், போர்த்துகீசியச் சோகப் பாட்டான ஃபாதோ. போனில் நானூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது.

பேசத்தான் ஆள் இல்லை. பங்காளிகள் வாட்ஸப் குழுவில் தினம் ஒன்று அனுப்புவேன். கட்டைவிரல் மட்டும் வரும். ஒருமுறை, "சித்தப்பா, போன் ஹேங் ஆகுது" என்று வந்தது. ஒரு நாள் சமையல்கட்டில் நின்ற என் வீட்டம்மா கோராவைக் கேட்டுவிட்டு, "இதென்ன, நல்லாருக்கே" என்றாள். உடனே அதன் வரலாறு முழுவதையும் விளக்கினேன். அதற்கப்புறம் அவளும் கேட்பதில்லை. இப்போதெல்லாம் "இது நம் தமிழிசையிலிருந்து போனதுதான்" என்று ஒரு வரி சேர்த்து அனுப்புகிறேன். அதற்குக் கொஞ்சம் மரியாதை இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்குக் காதே கிடையாது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன்.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்த நானூறில் எனக்கே முணுமுணுக்க வருவது நாலைந்துதான்.

(பெயரைப் போட வேண்டாம்)
பள்ளத்தூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்களைவிட நான் பெரிய குற்றவாளி. சில வருடங்களுக்கு முன் எங்கள் சொந்தத்தில் ஒரு சாந்தி வீடு (அறுபதாம் கல்யாணம்). சாப்பாடு முடிந்து, வளவு முற்றத்தில் விரித்த ஜமக்காளத்தில் ஆட்கள் சாய்ந்து கிடந்த மத்தியானம். நாதஸ்வரக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். மைக் செட் சும்மா இருந்தது. இதைவிட நல்ல சபை கிடைக்காது என்று போனைச் செருகி, நீங்கள் சொல்லும் அந்தத் துவாக்காரர்களைப் போட்டேன். ரஷ்யாவுக்குள், மங்கோலியாவை ஒட்டிய பகுதி அது. ஒரே தொண்டையில் அடியில் ஒரு முரல், அதற்கு மேலே சீழ்க்கை மாதிரி இன்னொரு குரல். அடிக்குரல் எழுந்து பத்து விநாடிகூட ஆகவில்லை. முகப்பில் படுத்திருந்த மைக் செட்காரர் ஓடிவந்து, "எர்த் அடிக்குதுண்ணே, யாரும் தொட்டுராதீங்க" என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அது பாட்டுதான் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை. ஒவ்வொரு ஒயராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாலையில் உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவர், "பாவம், தம்பிக்கு வேற பாட்டே கெடைக்கலையா" என்று கேட்டதோடு என் கச்சேரி முடிந்தது.

அன்று ராத்திரி நானும் உங்களைப் போலத்தான் முடிவு செய்தேன், காது இல்லாத ஊர் என்று. அப்புறம் யோசித்தால், அந்த வீட்டில் கவனமாகக் கேட்டவர் மைக் செட்காரர் ஒருவர்தான். அந்த முரல் மின்சார இரைச்சலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பத்து விநாடியில் பிடித்துவிட்டார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இருங்க, மேலே ஒரு சீழ்க்கை வரும்" என்று நான்தான் சொல்லாமல் விட்டேன்.

ஆகவே காது இல்லை என்பதை நான் ஒப்ப மாட்டேன். காரைக்குடியில் அப்பாவின் கடையில் கிராமபோன் ரெக்கார்டு விற்ற ஏ.வி. மெய்யப்பன், 1930களில் சென்னைக்குப் போய் ரெக்கார்டு வெளியிட ஆரம்பித்து, அதன் பிறகுதான் சினிமாவுக்கு வந்தார். 1945இல் பிறந்த நம் காரைக்குடி மணி 1990களிலேயே ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்க்கெஸ்ட்ராவின் ஜாஸ்காரர்களோடு உட்கார்ந்து மிருதங்கம் வாசித்திருக்கிறார். அவர்கள் இவருடைய தாளக் கணக்குக்குள் வந்தார்கள். பாட்டு விற்றவரும் பாட்டோடு கடல் கடந்தவரும் இந்த மண்ணிலிருந்து போனவர்கள்தான்.

ஆனாலும் உங்கள் புகாரில் ஒரு நியாயம் இருக்கிறது. நம் நகரத்தார் ஆட்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன இடங்களிலிருந்து பர்மாத் தேக்கு வந்தது. இத்தாலிப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் எனாமல் சட்டியும் வந்தன. ரங்கூனிலும் மௌல்மீனிலும் சைகோனிலும் வருடக்கணக்கில் இருந்தவர்கள் அங்கே எத்தனையோ ராத்திரி எத்தனையோ பாட்டைக் கேட்டிருப்பார்கள். நம் வீடுகளுக்கு அது வந்து சேரவில்லை. தேக்குக்கு விளக்கம் வேண்டாம், நிறுத்தினால் தூண். கவுனரிசியைப் பாருங்கள். அதுவும் பர்மாவிலிருந்து வந்தது என்றுதான் வீட்டில் சொல்வார்கள். கறுப்பாக, பார்த்தால் சாப்பிடத் தோன்றாத அரிசி. யாரோ ஒரு ஆத்தா அதை முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு, குழைய வேகவைத்து, சீனியும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுக் கிளறிக் கொடுத்திருக்கிறாள். இன்றைக்கு அது இல்லாமல் கல்யாண வீடு இல்லை. ஊறாமல் அடுப்பில் ஏற்றினால் பல்லுக்குத்தான் வேலை. பங்காளிகள் குழுவுக்கு நீங்கள் தினமும் அனுப்புவது ஊறாத கவுனரிசி.

ஊறவைப்பது என்றால் என்ன? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லித்தரும் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். கர்நாடக சங்கீதத்தைத் தவிர மற்றதெல்லாம் அவருக்கு "சத்தம்". ஒரு நாள் காபி குடிக்க வந்தவரிடம் பர்மாவின் பட்வைங் வீடியோ ஒன்றைக் காட்டினேன். வட்டமான மரச்சட்டத்தின் உள்பக்கம் 21 மேளங்கள் தொங்கும். வாசிப்பவர் நடுவில் உட்கார்ந்துகொண்டு வெறுங்கையால் வாசிப்பார். வாத்தியார் இரண்டு நிமிஷம் மரியாதைக்குப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அதற்குள் அந்த ஆள் சுருதி சேர்க்கும் இடம் வந்தது. பக்கத்திலிருந்த உருண்டையிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து, மேளத்தின் நடுவில் கட்டைவிரலால் அப்பினார். தட்டிக் கேட்டார். கொஞ்சம் வழித்து எடுத்தார். மறுபடி தட்டினார்.

வாத்தியார் போனையே வாங்கிக்கொண்டார். "இருங்க சார், பின்னாடி போங்க. என்னத்த அப்புறான்?"

"சோறும் சாம்பலும் சேர்த்துப் பிசைஞ்சது."

"சோறா?" சிரித்துவிட்டார். "நாம தொப்பிக்கு ரவை போடுறோம். இவன் சோத்த வைக்கிறான். அப்ப 21க்கும் தனித்தனியாவா?"

மிருதங்கத்தின் இடது பக்கத் தொப்பியில் ரவையைப் பிசைந்து வைத்தால்தான் அந்தக் கனத்த நாதம் வரும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒற்றைத் தொப்பிக்கு ரவையை அளந்து வைப்பதே பெரிய பாடு என்கிறவர் அவர். இந்த ஆள் ஒன்று ஒன்றாக 21 மேளத்தையும் சரி பண்ணுவதைப் பார்த்ததும் அவருடைய கட்டைவிரல் தானாக முழங்காலில் அழுத்தி அழுத்திப் பார்க்க ஆரம்பித்தது. "பெரிய மேளத்துக்கு எவ்வளவு அப்புறான் பாருங்க, கனம் கூடினா சுருதி எறங்கும்ல" என்றார். நான் அந்த வீடியோவைப் பத்துத் தடவை பார்த்திருக்கிறேன், இதைக் கவனித்ததில்லை. அப்புறம் வாசிப்பு முழுவதையும் கேட்டார். காபி ஆறிவிட்டது. பர்மாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் விரலுக்குத் தெரிந்த வேலை ஒன்று அங்கே நடந்தது, அவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் நீங்கள் துள்ளுவீர்கள்: பார்த்தீர்களா, நம்முடையது! எனக்கும் அந்த ஆசை உண்டு. பொருநராற்றுப்படை "மண்ணமை முழவு" என்கிறது, மார்ச்சனைச் சாந்து பூசிய மேளம். பர்மாவில் சவுங் என்று ஒரு வில்யாழ் இருக்கிறது. படகு மாதிரி உடல், மேலே இழுத்துக் கட்டிய மான் தோல், வளைந்த கழுத்து, 16 நரம்பு. அதை முதல் தடவை பார்த்தபோது அதே பொருநராற்றுப்படையின் யாழ் வர்ணனைதான் ஞாபகம் வந்தது. "விளக்கழல் உருவின் விசியுறு பச்சை", விளக்குச் சுடரின் நிறத்தில் இழுத்துக் கட்டிய தோல். உடம்பு சிலிர்த்தது என்பது உண்மை. ஆனால் நம்மிடம் யாழ் போய்விட்டது. அது எப்படி இருந்திருக்கும் என்று விபுலானந்த அடிகள் வருடக்கணக்கில் ஆராய வேண்டியிருந்தது. சிதம்பரம் செட்டியார் என்ற நகரத்தார் பெரியவர் கைகொடுத்து, அடிகளின் யாழ் நூல் 1947இல் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் அரங்கேறியது. பர்மாக்காரர்களோ வில்யாழை இன்னும் மடியில் வைத்து வாசிக்கிறார்கள். இதில் யார் யாரிடம் பெருமை பேசுவது?

உறவு கொண்டாடுவது வேறு, பாகம் கேட்பது வேறு. "நம்மிடமிருந்து போனது" என்றதும் ஆளுக்கு மனசு குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்தபின் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. உங்களுக்குக் கிடைக்கும் மரியாதை அந்த வரிக்குத்தான், பாட்டுக்கு இல்லை. அந்த வரியை விட்டுவிடுங்கள். ஃபாதோவுக்கும் அதைப் போட்டு அனுப்பியிருப்பீர்களோ என்று எனக்கு ஒரு பயம்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கடிதத்திலேயே பெரிய விஷயத்தை நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். நானூறு பாட்டு, பங்காளிகள் குழு, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் சமையல்கட்டில் ஒருவர், யாரும் சொல்லாமல், "இதென்ன, நல்லாருக்கே" என்றார். நீங்கள் அவருக்கு வரலாற்றுப் பாடம் எடுத்திருக்கிறீர்கள். அடுப்பில் என்ன இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை, தீய்ந்திருக்கும்.

அன்றைக்கு ஒரு வரி போதும். கோரா என்பது பாதியாக அறுத்த பெரிய சுரைக்குடுக்கை, அதன்மேல் மாட்டுத்தோல், 21 நரம்பு. (பர்மாவிலும் 21, மாலியிலும் 21. அர்த்தமெல்லாம் தேடாதீர்கள்.) அந்தக் காலத்தில் தோலைக் கீறி நரம்பாக்கினார்கள், இப்போது தூண்டில் நரம்பைத்தான் கட்டுகிறார்கள். சுரைக்குடுக்கையும் தூண்டில் நரம்பும் உங்கள் வீட்டம்மாவுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். வாசிக்க இரண்டு கட்டைவிரல், இரண்டு ஆள்காட்டி விரல், மொத்தம் நாலே விரல். மற்ற விரல்கள் பிடித்துக்கொள்வதற்கு. கேட்டால் மூன்று பேர் வாசிப்பது மாதிரி இருக்கும். 2024இல் காலமான கோராக் கலைஞர் தூமனி டியாபாத்தே தனியாக வாசித்தது ஏதாவது போடுங்கள். அடியில் கட்டைவிரல் ஒரே சுற்றைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும். மேலே வருவதை விட்டுவிட்டு அந்தச் சுற்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். வீட்டம்மாவிடம் இதையும் சொல்ல வேண்டாம், அவர் கேட்டால் சொல்லுங்கள். அதே நேரம், அதே சமையல்கட்டு, அதே பாட்டு. நாலு நாள் தொடர்ந்து போடுங்கள், விளக்கம் இல்லாமல். முடிந்தால் வெங்காயம் உரித்துக்கொண்டே.

அந்த நானூறை அழிக்கச் சொல்ல மாட்டேன், மனசு வராது. ஒன்று மட்டும். அடுத்த தடவை காரைக்குடி வந்தால் முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் கிராமபோன் ரெக்கார்டுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் பாட்டு. சிலது கறுகறுவென்று புதுசு மாதிரி இருக்கும், யாரும் கேட்காதது. சிலது ஊசி உழுது உழுது நரைத்துப் போயிருக்கும். வீட்டில் இருந்ததே ஏழெட்டு ரெக்கார்டு என்றால் வேறென்ன செய்வார்கள், அதையேதான் போட்டிருப்பார்கள். உங்கள் நானூறில் எது நரைத்திருக்கிறது என்று பாருங்கள். முணுமுணுக்க வருகிறது என்றீர்களே, அந்த நாலைந்துதான். அது குறைச்சல் இல்லை. எனக்கு முப்பது வருடத்தில் ஒரு இருபது தேறும்.

போன வாரம் வாத்தியார் வந்தார். வழக்கமான பேச்செல்லாம் முடிந்து, செருப்பை மாட்டும்போது திரும்பி, "சார், அந்தச் சோறு வைக்கிற ஆளு வேற ஏதாச்சும் வாசிச்சிருக்கானா?" என்றார். என்னிடம் இருந்த இரண்டும் அவர் கேட்டாயிற்று. உங்களிடம் பர்மா மேளம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அனுப்புங்கள். ஒன்றே ஒன்று.