இடம் பார்த்து வெட்டும் நொதிகள்

கேள்வி: ஆர்.என்.ஏ. இழையை நாம் விரும்பும் இடத்தில் மட்டும் வெட்ட முடியுமா?

பதில்: முடியும். ஆய்வகத்தில் என் அன்றாட வேலையே அதுதான். ஆர்.என்.ஏஸ் டி1 என்ற நொதி, ஒற்றை இழையில், ஆர்.என்.ஏ.வை ஆக்கும் நான்கு வேதி ‘எழுத்து’களில் ஒன்றான ‘ஜி’க்குப் பின்னால் வெட்டும். ஆனால் ‘ஜி’ பல இடங்களில் வருமே? அதனால், வேண்டிய இடத்துக்குப் பொருந்தும் சிறு டி.என்.ஏ. துண்டை ஒட்டவிட்டு, ஆர்.என்.ஏஸ் எச் நொதியைச் சேர்ப்பேன். ஒட்டிய பகுதியில் ஆர்.என்.ஏ. மட்டும் அறுபடும், டி.என்.ஏ. அப்படியே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த முறை இது. அப்புறம், சில ஆர்.என்.ஏ.க்களே வெட்டும் வேலையைச் செய்யும். அதைக் கண்டறிந்த தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவருக்கும் 1989இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

கையுறை இல்லாமல் மட்டும் ஆர்.என்.ஏ. இருக்கும் குழாயைத் தொடாதீர்கள். நம் தோலிலேயே ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன. ஒருமுறை அவசரத்தில் தொட்டு, மூன்று நாள் உழைப்பை இழந்தேன்.