ஈயக் குழாயில் புதுப் பைப் பொருத்துவது: கேள்வி பதில்

உவர்மலை: ஐயா, வெள்ளைக்காரன் காலத்து வீடு. மீற்றரிலிருந்து குசினிக்கு வரும் சாம்பல் நிறக் குழாய் ஈயம்தானா? அதில் பிவிசியை எப்படி ஒட்டுவது?

பதில்: தம்பி, கத்தி நுனியால் மெதுவாகச் சுரண்டுங்கள். வெள்ளிபோல் மினுங்கி, காந்தமும் ஒட்டாவிட்டால் ஈயம். ஈயம் தண்ணீரில் கலந்தால் உடம்புக்குக் கேடு, அதனால் முடிந்தால் குசினிவரை முழுதாக மாற்றுங்கள். இணைத்தே ஆக வேண்டுமென்றால், பிவிசிப் பசை ஈயத்தில் பிடிக்காது. பிவிசியை நெருப்பில் காட்டி விரித்து, ஈயத்தில் ஏற்றி, சைக்கிள் ரியூப் சுற்றிக் கட்டுகிறார்களே, அதுவும் வேண்டாம். ஊர் தூங்கித் தண்ணீர் அமுக்கம் கூடும் நேரத்தில் கழன்றுவிடும். ஈயத்துக்கென்றே கப்ளிங் இருக்கிறது. ஒரு பக்கம் ரப்பர் வளையம் ஈயத்தை இறுக்கும், மறுபக்கம் பிளாஸ்டிக் பைப்பைப் பிடிக்கும். அரை இஞ்சி என்று மட்டும் சொல்லிக் கடையில் கேட்காதீர்கள். ஈயக் குழாயின் தடிப்பு வீட்டுக்கு வீடு மாறும், வெளி விட்டத்தை அளந்துகொண்டு போங்கள். நேரான, நசியாத இடத்தில் வெட்டுங்கள். அளவோடு முடுக்குங்கள், ஈயம் மென்மையானது.

வெட்டுமுன் எர்த் வயரை, அதாவது கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகும் வயரை, பாருங்கள். பழைய வீடுகளில் அதைத் தண்ணீர்க் குழாயில்தான் கட்டியிருப்பார்கள். நடுவில் பிளாஸ்டிக் வந்தால் எர்த் அறுந்துபோகும்.

சீனக்குடா: செம்புக் குழாயை ஈயத்தோடு பற்றவைக்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டும் தொட்டுக்கொண்டு தண்ணீரில் இருந்தால் மின்கலம்போல் வேலைசெய்து ஈயம் கரையும். நடுவில் பிளாஸ்டிக் துண்டு வையுங்கள். பற்றவைக்க உருக்கி ஊற்றும் ஈயம் கலந்த பற்றாசும் குடிதண்ணீருக்கு ஆகாது.

லிங்கநகர்: என் அப்பப்பா இந்தக் குழாய்த் தண்ணீரைக் குடித்தே 90 வயதுவரை இருந்தார். உள்ளே படிந்த சுண்ணாம்பு காக்கும். ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: படிவு ஓரளவு காக்கும், சரிதான். ஆனால் வெட்டும்போது அது அசைந்து உதிரும். பாதியை மட்டும் மாற்றினால் சில வாரங்களுக்குத் தண்ணீரில் ஈயம் கூடவும் செய்யும். நான் நினைப்பது உங்கள் அப்பப்பாவையல்ல, அதே தண்ணீரில் பால்மா கரைத்துக் குடிக்கும் பிள்ளையை. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 10 மைக்ரோகிராம் என்று வழிகாட்டுகிறது; ஆனாலும் இவ்வளவு ஈயம் உடம்பில் சேர்ந்தால் ஆபத்தில்லை என்று எந்த அளவையும் அது சொல்லவில்லை.

லிங்கநகர்: அப்படியென்றால் கொதிக்க வைத்துக் கொடுக்கிறோம்.

பதில்: ஈயம் ஆவியாகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். காலையில் குழாயைச் சில நிமிடம் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீரைக் கழுவ எடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் அதன்பின் பிடியுங்கள்.

உப்புவெளி: ஐயா, கொதிக்க வைத்தால் ஈயம் போகுமா?

பதில்: போகாது. மேலே சொல்லியிருக்கிறேன்.

திருக்கடலூர்: எந்தப் பசை நல்லது?

பதில்: எந்தப் பசையும் இல்லை. முதல் பதிலை வாசியுங்கள்.

பாலையூற்று: கிணற்றுத் தண்ணீர் உவர்க்கிறது.

பதில்: அது என் வேலை இல்லை, தங்கச்சி. தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

உவர்மலை: ஐயா, பார்த்தேன். பச்சை வயர் ஒன்று அந்தக் குழாயில்தான் சுற்றியிருக்கிறது.

பதில்: அப்படியென்றால் இன்றைக்கு வெட்டாதீர்கள், தம்பி. எலக்ட்ரீஷியன் வந்து தனியாக எர்த் கம்பி அடித்த பிறகு வெட்டுங்கள்.