பதினெட்டுப் பேர் படிக்கும் கம்பஸுக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: வணக்கம் சேர். நாங்கள் புதுக்குடியிருப்பு. மகள் இம்முறை உயர்தரத்தில் கணிதப் பிரிவில் தமிழ் மொழிமூலம் தோற்றினாள். இசட் புள்ளி வந்துவிட்டது, பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி இன்னும் வரவில்லை. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பம் கிடைக்கலாம் என்று ரியூஷன் ஆசிரியர் சொல்கிறார். இதற்கிடையில் மலேசியாவில் இருக்கும் ஒரு பிரித்தானியப் பல்கலைக்கழகத்தின் கிளை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்க இடம் வந்திருக்கிறது. முதல் வருடக் கட்டணத்தைக் கனடாவில் இருக்கும் என் தம்பி கட்டுகிறேன் என்கிறான். விசாரித்தபோது சென்ற வருடம் அந்தப் படிப்பில் பதினெட்டுப் பேர்தான் சேர்ந்தார்களாம். இவ்வளவு சின்ன இடத்தில் படித்தால் பிள்ளையின் படிப்பு குறைந்துபோகுமா?

பதில்: அக்கா, பதினெட்டு என்ற எண்ணைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். நான் பரந்தனில் வளர்ந்து, வெளிநாட்டில் இதேபோன்ற ஒரு கிளை வளாகத்தில் இதே பாடத்தைப் படித்தவன். எங்கள் வகுப்பில் இருந்தது பதினான்கு பேர். அங்கே எனக்குக் கிடைத்ததும் உண்டு, கிடைக்காமல் போனதும் உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

மருத்துவத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டும், பொறியியலுக்குப் பட்டறையும் இயந்திரங்களும் வேண்டும். கணினி விஞ்ஞானத்துக்கு வேண்டிய ஆய்வுகூடம் பெரும்பாலும் ஒரு நல்ல லப்டொப்பும் இணைய இணைப்பும்தான். அதனால் வளாகம் சிறியது என்பதற்காகக் கருவிகளில் பெரிய குறை வராது. குறைவது ஆட்கள். கற்பிக்கும் ஆட்கள், கூடப் படிக்கும் ஆட்கள், முன்னே படித்துவிட்டு வேலைக்குப் போன ஆட்கள். நீங்கள் விசாரிக்க வேண்டியது அதைத்தான்.

முதல் இரண்டு வருடங்களில் எல்லோரும் ஒரே பாடங்களைப் படிப்பார்கள்: புரோகிராமிங், டிஸ்கிரீட் கணிதம், தரவுக் கட்டமைப்பு, தரவுத்தளம், வலையமைப்பு, பணிசெயல் முறைமை. இவை எந்தச் சிறிய வளாகத்திலும் நடந்தே தீரும். சிக்கல் மூன்றாம் வருடத்தில்தான் வருகிறது, ஏனென்றால் பாடங்களைத் தெரிவு செய்யும் காலம் அது. கையேட்டில் செயற்கை நுண்ணறிவு, கணினிப் பாதுகாப்பு, கம்பைலர், வரைகலை என்று பத்துப் பன்னிரண்டு தெரிவுப் பாடங்கள் அச்சிடப்பட்டிருக்கும். பதினெட்டுப் பேர் ஐந்து பாடங்களுக்குப் பிரிந்து போனால் ஒரு வகுப்பில் மூன்று நான்கு பேர்தான் இருப்பார்கள். அதற்கு ஒரு விரிவுரையாளரை வைத்திருக்க எந்த நிர்வாகத்துக்கும் கட்டாது. ஆகவே பத்தில் மூன்றோ நான்கோதான் நடக்கும். முந்நூறு பேர் படிக்கும் இடத்தில் இந்தக் கணக்கே வேறு.

எனக்கு நடந்தது இதுதான். கம்பைலர் பாடத்தை மனதில் வைத்தே அந்த இடத்தைத் தெரிவு செய்திருந்தேன். நாம் எழுதும் நிரலைக் கணினி எப்படித் தனக்கு விளங்கும் மொழிக்கு மாற்றுகிறது என்று அறியும் ஆசை எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே இருந்தது. மூன்றாம் வருடம் தொடங்கி இரண்டாவது வாரம், போதிய ஆட்கள் சேராததால் அந்தப் பாடம் நடக்காது என்று அறிவித்தல் போட்டார்கள். அதற்குப் பதிலாக மின்வணிகம் பற்றிய ஒரு பாடத்தில் போட்டார்கள். இருபது வருடம் கழிந்தும் அந்தக் கவலை எனக்கு உண்டு. யாரும் என்னை ஏமாற்றவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைச் சேர முன்னரே நான் கேட்கவில்லை.

அதனால், கையேட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள். கடந்த இரண்டு வருடங்களில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு உண்மையாக நடந்த நேரசூசி. கையேடு ஆசையைச் சொல்லும், நேரசூசி நடந்ததைச் சொல்லும். அதில் ஒரே விரிவுரையாளரின் பெயர் நான்கைந்து பாடங்களுக்கு எதிரே இருந்தால் யோசிக்க வேண்டும். அவர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும். அவர் வேலையை விட்டுப் போனால் பாதிப் படிப்பு அவரோடு போய்விடும். சில கிளை வளாகங்களில் தாய் வளாகத்திலிருந்து விரிவுரையாளர் விமானத்தில் வந்து ஒன்றிரண்டு வாரம் காலையிலிருந்து மாலை வரை பாடம் நடத்திவிட்டுத் திரும்பிவிடுவார். அப்படியானால் மற்ற வாரங்களில் பிள்ளை சந்தேகம் கேட்க யார் இருப்பார்கள் என்றும் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதைப் பலர் பட்டுத்தான் அறிகிறார்கள். கணினிப் பாடங்கள் சங்கிலிபோல் ஒன்றோடொன்று கோர்த்தவை. புரோகிராமிங் சித்தியடையாமல் தரவுக் கட்டமைப்புக்குப் போக முடியாது, அது இல்லாமல் அல்கோரிதம் இல்லை. பெரிய இடங்களில் ஒரு பாடத்தை வருடத்தில் இரண்டு முறை நடத்துவதுண்டு. சின்ன இடத்தில் ஒரே ஒரு முறைதான். பிள்ளை ஒன்றில் தவறினால் அடுத்த வருடம் அதே மாதம் வரும்வரை காத்திருக்க நேரலாம். வாடகை, சாப்பாடு, விசா நீடிப்பு எல்லாம் கூடவே ஓடும். மறுபரீட்சை அதே கோடை விடுமுறையில் நடக்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சரி, இனி நல்லதைச் சொல்கிறேன்.

உங்கள் மகள் தமிழ் மொழிமூலம் படித்தவள். நானும் அப்படித்தான். முதலில் விரிவுரையில் வாயே திறக்கவில்லை. பாடம் விளங்கியது, கேள்வியை ஆங்கிலத்தில் கோர்க்கத்தான் முடியவில்லை. பெரிய மண்டபத்தில் இருந்திருந்தால் மூன்று வருடமும் கடைசி வாங்கில் அப்படியே இருந்திருப்பேன். பதினான்கு பேர் உள்ள அறையில் ஒளிய இடமில்லை. இரண்டாவது வாரமே விரிவுரையாளர் என் பெயரைச் சொல்லி அழைத்தார், வெண்பலகையில் எழுதிக் காட்டச் சொன்னார். எழுதினேன். வகுப்பு முடிந்ததும் தன் அறைக்கு வரச் சொல்லி, இனி ஒவ்வொரு புதன்கிழமையும் பத்து நிமிடம் வந்து அந்த வாரப் பாடத்தை எனக்கு நீ சொல்லித்தா என்றார். என் ஆங்கிலமும் என் கணினி அறிவும் அந்தப் பத்து நிமிடங்களில்தான் வளர்ந்தன. பிற்பாடு வேலைக்கு விண்ணப்பித்தபோது அவர் எழுதித் தந்த கடிதத்தில் நான் செய்த வேலைகள் ஒவ்வொன்றாகக் குறிப்பிடப்பட்டிருந்தன. முந்நூறு பேரில் ஒருவனாக இருந்திருந்தால் அப்படியொரு கடிதம் கிடைத்திருக்காது.

இன்னொரு தைரியமும் சொல்கிறேன். இணைந்த கணிதம் படித்த பிள்ளைக்கு இந்தப் பாடத்தின் கடினமான பகுதி ஏற்கெனவே பாதி தெரியும். கணிதத் தொகுத்தறிவு முறையில் நிறுவுவதற்கு அவள் பழகியிருப்பாள். நிரலின் ஒரு பகுதியான செயற்கூறு தன்னையே திரும்ப அழைக்கும் மீள்சுழல் முறை அதே யோசனைதான். உயர்தரத்தில் ஆங்கில மொழிமூலம் படித்து, கணிதத்தில் தடுமாறும் பிள்ளைகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். மொழி ஆறு மாதத்தில் வரும்.

இனிக் காசு. தம்பி முதல் வருடத்துக்கு மட்டும் பொறுப்பேற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பெரிய யோசனை அங்கேதான். மலேசியாவில் பிரித்தானியப் பட்டம் பெரும்பாலும் மூன்று வருடம். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்குப் போனது உங்களுக்கும் மறந்திருக்காது. பத்தாயிரம் டொலர் செலவு மூன்று மாதத்துக்குள் இருபது இலட்சத்திலிருந்து முப்பத்தாறு இலட்சமானது. அந்த வருடம் எத்தனையோ பிள்ளைகளின் பெற்றோர் கட்டணம் கட்ட வழியில்லாமல் தவித்தார்கள். போய்ப் பகுதிநேரம் வேலை செய்து படிக்கலாம் என்று முகவர்கள் சொன்னால் நம்ப வேண்டாம். மலேசியாவில் மாணவர் அனுமதியில் இருப்பவர்கள் விடுமுறைக் காலத்தில் மட்டும், வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரை, அதுவும் குறிப்பிட்ட சில வகை இடங்களில் மட்டுமே வேலை செய்யலாம். அது கைச்செலவுக்குத்தான் காணும். மூன்று வருடக் கட்டணமும் வெளிநாட்டுக் காசில் வர வழியிருந்தால் மட்டும் இறங்குங்கள். காலபோக நெல்லை நம்பியோ வயல் உறுதியை ஈடு வைத்தோ இரண்டாம் வருடத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

பட்டத்தின் பெறுமதி பற்றிச் சுருக்கமாக. மலேசியத் தகைமைகள் முகவரகம் அங்கீகரித்த படிப்புகளின் பதிவேடு இணையத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரோடு நிறுத்தாமல் அந்தப் படிப்பின் பெயரும் அதில் உண்டா என்று பாருங்கள். இங்கே அரச வேலைக்கு வருவதென்றால் நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கும் பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும், ஆகவே அவர்களிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சான்றிதழ் தாய்ப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வருகிறதா, வினாத்தாள் இரண்டு இடத்திலும் ஒன்றா என்பதையும் விசாரியுங்கள்.

வவுனியாவைப் பற்றியும் நீங்கள் கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் நம்முடைய ஆட்கள் பக்கத்தில் இருப்பதைக் குறைவாகவே மதிப்பார்கள். 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து, 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது அது. அது இருக்கும் பம்பைமடுவும் ஒரு சின்ன இடம்தான். நான் மேலே சொன்ன கேள்விகளை அங்கேயும் கேட்கலாம். ஆனால் கல்விக் கட்டணம் இல்லை, மகாபொல புலமைப்பரிசில் கிடைக்க வாய்ப்புண்டு, வார இறுதியில் பஸ் ஏறினால் வீடு. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் கணினிப் பொறியியலும் இருக்கிறது. வெட்டுப்புள்ளி வரும்வரை எதையும் கைவிட வேண்டாம். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. உங்கள் முல்லைத்தீவு மாவட்டம் அந்தப் பதினாறில் ஒன்று. ரியூஷன் ஆசிரியர் நினைப்பதைவிட நல்ல துறையும் வரக்கூடும்.

என் முடிவு இதுதான்: மூன்று வருடக் கட்டணத்தையும் தம்பி பொறுப்பேற்று, நேரசூசியும் திருப்தியாக இருந்தால் அனுப்புங்கள். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வவுனியாவே நல்லது. கட்டணம் பாதியில் நின்று இரண்டாம் வருடத்தோடு திரும்பி வரும் பிள்ளையின் மனது படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கே போனாலும் ஆள் குறையை அவளே வெளியிலிருந்து நிரப்பிக்கொள்ள வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. ஐசிபிசி என்ற உலக நிரலாக்கப் போட்டியில் ஓர் அணிக்கு மூன்று பேர்தான், ஐந்து மணித்தியாலம், ஒரே கணினி. பதினெட்டுப் பேரில் மூன்று பேரைச் சேர்க்க முடியாதா? கூகுள் 2005 இல் தொடங்கிய சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் மொரட்டுவப் பல்கலைக்கழக மாணவர்கள் பல வருடங்கள் உலகிலேயே அதிக எண்ணிக்கையில் தெரிவானார்கள். யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள்களுக்கு நிரல் எழுதிக் கொடுப்பதுதான் அதில் வேலை. விண்ணப்பத்தில் அவர்கள் பார்ப்பது பிள்ளை எழுதிய நிரலைத்தான், அவள் வளாகத்தில் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு தெரிவுப் பாடம் நடக்காமல் போனால் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஓபன்கோர்ஸ்வேர் இணையதளத்தில் அதன் விரிவுரைகளும் பயிற்சிகளும் இலவசமாக இருக்கலாம், தேடிப் பார்க்கட்டும். நான் கம்பைலரைக் கடைசியில் அப்படித்தான் படித்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு, இரவுகளில், ஒன்பது மாதம் எடுத்தது. கூட ஒருவர் இருந்திருந்தால் நான்கு மாதத்தில் முடித்திருப்பேன். ஆகவே தனியாகப் படிக்க வேண்டாம், வகுப்பில் ஒரு பிள்ளையையாவது கூடச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக, அந்த வளாகத்துக்குப் போகும் மின்னஞ்சலை முகவரோ தம்பியோ எழுத வேண்டாம். மகளே தன் ஆங்கிலத்தில் எழுதட்டும், பிழை இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு வருட நேரசூசி, மறுபரீட்சை நடக்கும் மாதம், முழுநேர விரிவுரையாளர்கள் எத்தனை பேர், இப்போது மூன்றாம் வருடம் படிக்கும் ஒரு மாணவியோடு பேச முடியுமா, இந்த நான்கும் போதும். உண்மையாகவே பிள்ளைகளைக் கவனிக்கும் சின்ன வளாகமென்றால் ஒரு வாரத்துக்குள் ஒரு விரிவுரையாளரே பதில் எழுதுவார். கட்டணப் பட்டியலும் வங்கிக் கணக்கு இலக்கமும் மட்டும் திரும்பி வந்தால், வெட்டுப்புள்ளி வரும்வரை பொறுத்திருங்கள்.