புளியங்கொட்டையும் ழகரமும்

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். இது இலக்கியக் கேள்வி இல்லை, மன்னிக்கவும். எனக்கு ஒன்பது வயதில் மகள், ஆறு வயதில் மகன். கோடை விடுமுறை. நானும் கணவரும் வேலைக்குப் போய்விடுவோம், பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். போனைப் பிடுங்கினால் வீடு ரெண்டாகிறது. போன ஞாயிறு யூடியூபில் பார்த்து ஒரு கணக்கு விளையாட்டு தயாரித்தேன். சார்ட் பேப்பரை வெட்டி, எண் எழுதி, கலர் அடித்து, டேப் ஒட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம். பிள்ளைகள் ஆடியது ஏழு நிமிடம். அப்புறம் அந்த அட்டைகளால் ஒருவருக்கொருவர் விசிறிக்கொண்டார்கள். பெரிய முன்னேற்பாடு இல்லாமல், ஏதாவது கற்றுக்கொள்கிற மாதிரியும் விளையாட்டு இருக்கிறதா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

எனக்கு வரும் இலக்கியக் கேள்விகளைவிட இது எவ்வளவோ மேல்.

அந்த ஒன்றரை மணி நேரமும் விளையாடியது நீங்கள்தான். வெட்டுவதும் ஒட்டுவதும் கலர் அடிப்பதும்தான் அதில் ருசியான பகுதி. அதை நீங்கள் சாப்பிட்டுவிட்டு இலையை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறீர்கள். தயாரிப்பை அவர்களிடமே விட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரே யோசனை இதுதான், கீழே இருப்பதெல்லாம் இதற்கான விளக்கம்.

போன மே மாதம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மதியம் கரண்ட் போய்விட்டது. அவள் பேத்திக்கு உங்கள் மகளின் வயது, 'போர் அடிக்குது தாத்தா' என்று பத்து தடவை சொல்லியிருப்பாள். அடுக்களையில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாலு கொட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தை மட்டும் வெள்ளையாக்கிக் கொண்டு வா என்றேன். எப்படி என்று சொல்லவில்லை. முதலில் நகத்தால் சுரண்டினாள். பிறகு ஹால் தரையில் தேய்த்தாள், டைல்ஸில் ஒன்றும் நடக்காது. கடைசியில் வாசல் படியின் சொரசொரப்பைக் கண்டுபிடித்து அங்கே உட்கார்ந்துவிட்டாள். தேய்த்த கொட்டை சுடும் என்பது ரெண்டாவது கண்டுபிடிப்பு. உடனே ஓடிவந்து என் கையில்தான் சூடு வைத்தாள். நாலும் முடிய முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை 'போர்' என்ற சொல் வரவில்லை.

இது தாயம் ஆடத்தான். நாலையும் குலுக்கிப் போட வேண்டும். எத்தனை வெள்ளை மேலே தெரிகிறதோ அத்தனை. நாலும் கருப்பாக விழுந்தால் எங்கள் வீட்டில் எட்டு. உங்கள் மாமியார் வீட்டில் வேறு மாதிரி இருக்கலாம், அவரைக் கேளுங்கள், கட்டமும் அவரே போட்டுக் காட்டுவார். சாக்பீஸால் தரையில் ஐந்துக்கு ஐந்து போட்டால் போதும்.

ஆடிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 'ரெண்டுதான் தாத்தா நெறைய விழுது. கொட்டை சரியில்ல.' சரி, எழுதி வை என்றேன். தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு போடுதலுக்கும் ஒரு கோடு இழுத்தாள். ஐம்பதைத் தாண்டியதும் ரெண்டின் வரிசை மட்டும் நீளமாக நின்றது. கொட்டையின் மேல் குற்றமில்லை. நாலு கொட்டை கருப்பும் வெள்ளையுமாக விழ மொத்தம் 16 விதம் இருக்கிறது. அதில் ரெண்டு வெள்ளை வருவது ஆறு விதம். ஒன்று நாலு விதம், மூன்றும் நாலு விதம். எல்லாம் வெள்ளை ஒரு விதம், எல்லாம் கருப்பு ஒரு விதம். இதை நான் சொல்லித்தரவில்லை. 'எத்தனை விதமா விழும்னு கொட்டையை அடுக்கிப் பாரேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது 14 கண்டுபிடித்திருந்தாள், மிச்சம் ரெண்டுக்குச் சண்டை போட்டோம். கொட்டை ஒன்றும் நாணயம் இல்லை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழாது. அதனால் உங்கள் வீட்டுக் கோடுகள் இந்தக் கணக்கோடு அச்சாகப் பொருந்தாது. பொருந்தாவிட்டால் நல்லது, பேச இன்னொரு விஷயம் கிடைத்தது.

வீட்டில் பித்தளைத் தாயக்கட்டை இருந்தால் அதிலும் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டையிலும் ஒன்று, ரெண்டு, மூன்று, வெறுமை என்று நாலு முகம். ரெண்டு கட்டைக்கும் சேர்த்து இங்கேயும் 16 விதம்தான். ஆனால் தாயம், அதாவது ஒன்று, விழ ரெண்டே ரெண்டு வழி, எட்டுக்கு ஒன்று. கொட்டையிலோ நாலுக்கு ஒன்று. தாயம் விழாமல் காய் இறக்க முடியாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த எல்லாத் தாத்தாக்களுக்கும் இதுதான் காரணம்.

ஆறு வயதுக்காரனுக்குப் பல்லாங்குழி. பலகை தேட வேண்டாம், தரையில் ஏழு ஏழாக 14 வட்டம், குழிக்கு ஐந்து வீதம் 70 கொட்டை. வட்டம் போடுவதும் எண்ணி வைப்பதும் அவன் வேலை. நாலு சேர்ந்த குழி 'பசு', அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம். பசுவைத் தவறவிடக்கூடாது என்ற பதற்றத்தில் எண்ணாமலே நாலை அடையாளம் காணக் கண் பழகிவிடும். மாமியாரிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள், பேரனுக்காக வேண்டுமென்றே தோற்க வேண்டாம். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அன்றோடு ஆட்டம் செத்தது. (பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வந்தால் கொட்டையை எடுத்து வைத்துவிடுங்கள். மூக்கில் போட்டுக்கொள்வதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.)

கொட்டைகூட வேண்டாம், பஸ்ஸில் போகும்போது ஆடலாம் என்றால் சொற்சங்கிலி. ஒருவர் சொல்லும் சொல் எந்த எழுத்தில் முடிகிறதோ, அந்த வரிசையில் அடுத்தவர் ஒரு சொல் சொல்ல வேண்டும். பணம் என்றால் ம வரிசை, மேசை. மேசைக்குச் சேவல். சேவலுக்கு? தமிழில் இந்த ஆட்டம் ஆங்கிலத்தில் போல ஓடிக்கொண்டே இருக்காது, நாலாவது சொல்லில் முட்டிக்கொள்ளும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டும் சொல்லுக்கு முதலில் வராது என்பது நன்னூல் கணக்கு. அதனால்தான் இராமன், இலட்சம் என்று முன்னால் இகரத்தை ஒட்டவைத்தார்கள். பிள்ளைகள் லாரி என்று சொல்லித் தப்பிப்பார்கள். விடுங்கள். லாரிக்கு ரிப்பன் வரும். ரிப்பனுக்கு எதுவும் வராது, 'ன'வில் எந்த நாட்டுச் சொல்லும் வந்து காப்பாற்றாது.

தங்கை பேத்திக்கு இந்தச் சூட்சுமம் ரெண்டு நாளில் பிடிபட்டுவிட்டது. யானை, பூனை, மீன், மான் என்று என்னை ஓட ஓட விரட்டினாள். இலக்கணம் படித்தவன் ஒன்பது வயதுப் பெண்ணிடம் ஆறு ஆட்டம் தோற்றேன். ஏழாவதில் என் பக்கம் 'த' வந்தது. நிதானமாக, கொஞ்சம் கர்வத்தோடே, 'தமிழ்' என்றேன். ழ்-க்கு உலகத்தில் சொல் கிடையாதே.

'ழகரம்' என்றாள்.

செல்லாது, அது எழுத்தின் பெயர் என்று குதித்தேன். 'டீச்சர் அப்படித்தான் சொல்லுவாங்க' என்றாள். ராத்திரி சந்தேகம் வந்து புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். சொல்லுக்கு முதலில் வராத எழுத்தும் தன் பெயரைச் சொல்லும்போது முதலில் வரலாம் என்று தொல்காப்பியமே விதி சொல்லி வைத்திருக்கிறது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் போய் ஒப்புக்கொண்டேன். வாயில் நுரையோடு திரும்பி, 'அப்ப ம் தாத்தா, உங்க முறை' என்றாள்.