பதில்: ஹீரோ அறையுற சீனை தூக்கிடவா?

சிஸ், உங்க தொடர்கதைல 14ஆவது எபில (எபிசோட்ல) ஹீரோ ஹீரோயினை அறையுறான், அடுத்த எபிலயே அவ மன்னிச்சிடுறா, கமென்ட்ல எல்லாரும் 'இவளுக்கு சூடு சொரணையே இல்லையா'ன்னு ஹீரோயினையே திட்டுறாங்க, சீனை தூக்கிடவான்னு கேட்டிருக்கீங்க. தூக்காதீங்க.

கொலீன் ஹூவர் 2016ல எழுதுன இட் எண்ட்ஸ் வித் அஸ் நாவல் படிச்சிருக்கீங்களா? அதுல ஹீரோயினோட புருஷன் ரைல் நியூரோசர்ஜன் (மூளை ஆபரேஷன் டாக்டர்), ஆளும் அழகு, முதல் தடவை அவன் கை நீட்டுனதும் ஹீரோயின் லில்லியும் மன்னிக்கத்தான் செய்றா, ஆனா எனக்கு அவமேல எரிச்சல் வரல, ஏன்னா அப்பா அம்மாவை அடிக்கிறத பாத்து வளர்ந்தவ அவ, அவ மண்டைக்குள்ள ஓடுற குழப்பம் பூரா நமக்கு தெரியுது. கடைசில பொண்ணு பொறந்ததும் டிவோர்ஸ் கேட்டுடுறா.

உங்க கதைல ஹீரோவோட சின்ன வயசு சோகம் மூணு எபி ஓடுது, ஹீரோயின் மனசுக்குள்ள ஒரு பாரா கூட போகல, அதான் மக்கு மாதிரி தெரியுறா. அவ ஏன் கிளம்பல? கைல காசு இருக்கா, அம்மா வீட்ல 'அனுசரிச்சுப் போடி'ம்பாங்களா? அதை எழுதுங்க. 'லவ்வுலதான் அடிச்சேன்'னு அவன் சொல்லட்டும், நீங்க அதுக்கு பிஜிஎம் போடாதீங்க. அவளை நல்லவளாக்கவும் வேணாம், வாய்த்துடுக்கு, பொய், திமிர் எல்லாம் இருக்கட்டும், எனக்கு அப்படிப்பட்டவளுகளைத்தான் பிடிக்கும்.

ஆன்டி ஹீரோ கதைன்னா முதல் எபிலயே அடிதடி இருக்குன்னு ஒரு வரி போட்டுடுங்க.