லண்டனிலிருந்து பாரிசுக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்? தூரம் எவ்வளவு?

லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பாரிசின் சார்ல் து கோல் விமான நிலையம் வரை நேர்கோட்டில் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். வானத்தில் இருப்பது ஐம்பது நிமிடத்துக்கு முன்பின். டிக்கெட்டில் ஒன்றே கால் மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் இப்படிக் கேட்பவர் அநேகமாக விசேஷ வீட்டுக்குப் போகிறவர். காலையில் ஏறினால் சாப்பாட்டுக்கு முன் மண்டபத்தில் நிற்கலாமா என்று கணக்குப் போடுகிறவர். ஆகவே மேலும் எழுதுகிறேன்.

என் தங்கை மகளின் சாமத்தியச் சடங்கு (பூப்புனித நீராட்டு) பாரிசில் நடந்தது. நான் தாய்மாமன். "ஐம்பது நிமிடம்தானே, காலையில் ஏறி வாருங்கள்" என்றார் மச்சான். முதல் நாளே போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: சனிக்கிழமை விடுப்புத் தரும் வேலை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

லண்டனில் நாங்கள் இருக்கும் ஹரோவிலிருந்து இருட்டோடு கிளம்பினோம். கதவை மூடிய விமானம் வரிசையில் நின்றது. ஹீத்ரோவில் இருப்பவை இரண்டே ஓடுபாதைகள். பெரும்பாலும் ஒன்று இறங்குவதற்கு, மற்றது ஏறுவதற்கு. பறக்கத் தொடங்கியபின் குறை சொல்ல ஒன்றுமில்லை. பணிப்பெண் தந்த தண்ணீரைப் பாதி குடிப்பதற்குள் அவரே குப்பைப் பையோடு வந்து நின்றார். தரை தொட்ட பிறகுதான் சோதனை. வெளி ஓடுபாதையிலிருந்து ஊர்ந்து ஊர்ந்து போனதில், பஸ்ஸிலா வந்தோம் என்று மனைவி கேட்டாள். அப்புறம் கடவுச்சீட்டு வரிசை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின் நமக்கு வேறு வரிசை, அது நகரவே இல்லை. அதன் பிறகு நகருக்குள் போக ரயில்.

இன்னொன்று. பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. எட்டு மணிக்குக் கிளம்பும் விமானம் பத்து இருபதுக்குச் சேரும் என்று டிக்கெட்டில் இருக்கும். திரும்பும்போது இருபது நிமிடத்தில் வந்துவிடுவது போலத் தெரியும். இதற்குக் காற்றைக் காரணம் காட்டி விளக்கம் எழுதுபவர்களை நம்ப வேண்டாம்.

நம்மவர் விசேஷத்தில் அழைப்பிதழில் பத்து என்றிருந்தால் பன்னிரண்டு என்று பொருள். அன்று மட்டும் ஐயருக்கு வேறு மண்டபத்திலும் அலுவல் இருந்ததாம், சொன்ன நேரத்துக்கே தொடங்கிவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது என் இடத்தில் மச்சானின் நண்பர் ஒருவர் நின்று தேங்காய் உடைத்து முடித்திருந்தார். புகைப்பட ஆல்பத்தில் அவர்தான் தாய்மாமன்! அந்த ஆல்பத்துக்குக் கொடுத்த காசில் பிள்ளையை ஓர் ஆண்டு படிக்க வைக்கலாம். கேட்டால் லண்டன்காரனுக்குப் பொறாமை என்பார்கள்.

ரயிலில் போங்கள். செயின்ட் பாங்க்ராஸிலிருந்து கார் து நோர் வரை ஏறக்குறைய இரண்டே கால் மணி நேரம். பிரெஞ்சுக் கடவுச்சீட்டுச் சோதனையும் லண்டனிலேயே முடிந்துவிடும். இறங்கினால் நம் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பல் நடைதூரம். கடைசி வாரத்தில் வாங்கினால் டிக்கெட் விலை அதிகம்தான், அதற்காக என்னோடு சண்டைக்கு வராதீர்கள். கட்விக், லூட்டன் விமான நிலையங்கள் பக்கம் குடியிருப்பவர்களுக்கு விமானமே வசதியாகவும் இருக்கலாம்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் லண்டனில் இருப்பவரென்றால், எதில் போனாலும் பிரான்சுக்குள் நுழையத் தேவையான ஷெங்கன் விசாவை முதலில் பாருங்கள்.