மேல் ஸ்தாயியும் அடிவயிறும்

ஐயா,

ஓராண்டாகப் பாட்டுக் கற்கிறேன். மேல் சட்ஜத்தை (மேல் ‘ஸ’வை) நெருங்கினாலே குரல் கத்தலாகிறது. கத்தாமல் பாடினால் கள்ளக்குரலாக மெலிந்துவிடுகிறது. எல்லோரும் சொல்வதுபோல் அடிவயிற்றிலிருந்து முழுபலத்தோடு காற்றைத் தள்ளித்தான் பாடுகிறேன். பாடி முடித்ததும் தொண்டை எரிகிறது, மறுநாள் வரை கரகரப்பு. வெந்நீர் குடித்தால் போதுமா? தினம் எத்தனை மணி நேரம் சாதகம் செய்ய வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வெந்நீரை விடுங்கள். குடிப்பது உணவுக்குழாயில் இறங்குகிறது. குரல்நாண்கள் மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கின்றன. அவற்றை அது தொடுவதே இல்லை. நாள் முழுக்கத் தாகமில்லாமல் இருந்தால் போதும். மணிக்கணக்கும் இப்போது வேண்டாம். தப்பான சாதகத்தை அதிக நேரம் செய்து என்ன ஆகப்போகிறது?

‘அடிவயிற்றிலிருந்து முழுபலத்தோடு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நல்ல குரல்களை இந்த அறிவுரை அளவுக்குக் கெடுத்தது வேறெதுவும் இல்லை.

சுருதியை ஏற்றுவது முக்கியமாகக் குரல்வளைத் தசைகளின் வேலை. அவை நாண்களை இழுத்து நீட்டி மெலிதாக்குகின்றன. நொடிக்கு 220 தடவை அதிர்ந்த நாண், ஒரு ஸ்தாயி மேலே 440 தடவை அதிர வேண்டும். அதற்குக் காற்றழுத்தம் கொஞ்சம் கூடத்தான் வேண்டும். நீங்கள் அதைப் பல மடங்காக்குகிறீர்கள். பீறிடும் காற்றைத் தடுக்க நாண்கள் ஒன்றையொன்று அழுத்துகின்றன. அந்த அழுத்தத்தை மீற இன்னும் தள்ளுகிறீர்கள். கடைசியில் விழுங்கும் தசைகளும் சேர்ந்து குரல்வளையை மேலே தூக்கிவிடுகின்றன. முகவாய் நிமிர்கிறது, குரல் நெரிகிறது. எரிச்சல் அங்கிருந்துதான் வருகிறது. இதையே தொடர்ந்தால் நாண்களில் தடிப்பு விழும். தயவுசெய்து நிறுத்துங்கள்.

மூச்சை மார்பு முட்ட நிரப்பாதீர்கள். நிரம்பிய நுரையீரல் தானாகவே காற்றைத் தள்ளும். அளவாக எடுங்கள். அப்போது கீழ் விலாக்கள் பக்கவாட்டில் விரியும். பாடத் தொடங்கிய பிறகும் அவை சட்டென்று சரியக் கூடாது, அவ்வளவுதான். விலாவில் கை வைத்து ‘ஸ்ஸ்’ என்று 20 நொடி சீராக விட்டுப் பாருங்கள். ஓசை ஏறி இறங்கினால் இன்னும் தள்ளுகிறீர்கள் என்று பொருள்.

வலிமையை வாயின் வடிவத்தில் தேடுங்கள். ‘ஈ’, ‘ஊ’ சொல்லும்போது வாய்க்குழி சுமார் 300 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 300 அதிர்வில், ஒத்ததிர்கிறது. சுருதி அதைத் தாண்டியதும் அந்தத் துணை போய்விடும், குரல் மெலியும். ஆகவே மேலே போகும்போது ‘ஈ’யை ‘எ’ பக்கமும் ‘ஊ’வை ‘ஒ’ பக்கமும் சற்றுத் திறவுங்கள். ‘ஆ’வை மட்டும் அகல விரிக்காமல் ‘ஒ’ பக்கம் கொஞ்சம் குவியுங்கள். உங்கள் கத்தல் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. காது மிகக் கூர்மையாகக் கேட்பது 3000 ஹெர்ட்ஸை ஒட்டி. நெரிப்பு போனால் குரலின் ஆற்றல் அந்தப் பகுதியில் திரள வழி கிடைக்கும். அதுதான் கணீரென்று கேட்கும்.

சாதகம் இப்படி இருக்கட்டும்: 5 அல்லது 6 மி.மீ. விட்டமுள்ள ஸ்ட்ராவை உதட்டில் இறுக்கிக் கவ்வி, அதன் வழியே குரல் கொடுத்துக் கீழ்ச் சுரத்திலிருந்து மேலே வழுக்கி ஏறி இறங்குங்கள். ஐந்து நிமிடம். காற்று மூக்கால் கசியக் கூடாது. எதிர்த்து நிற்கும் காற்று, நாண்கள் ஒன்றையொன்று பலமாக மோதாமல் பார்த்துக்கொள்ளும். பிறகு அதையே ‘ஊ’வில் மெதுவாகப் பாடுங்கள். குரல் உடையும் இடத்தில் எல்லோரும் சத்தத்தைக் கூட்டுவார்கள். நீங்கள் குறைத்துக் கடந்து போங்கள். முகவாய்க்கு அடியில் உள்ள மெத்தென்ற பகுதியில் கட்டைவிரல் இருக்கட்டும். அது கெட்டியானால் உடனே அரைக் கட்டை இறங்குங்கள். சிறிய ஓசையில் அந்தச் சுரம் நெரிபடாமல் நின்ற பிறகே அதைப் பெருக்க வேண்டும்: எட்டு நொடியில் சிறிதாகத் தொடங்கிப் பெருக்கி, மறுபடி சிறிதாக்குங்கள். பெருக்கியதைச் சிறிதாக்க முடியவில்லை என்றால் அந்தச் சுரம் இன்னும் உங்கள் வசமாகவில்லை.

இதெல்லாம் கரகரப்பு முழுதாகப் போன பிறகுதான். மூன்று வாரம் ஆகியும் போகாவிட்டால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்நாண்களைக் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.